டெர்பிஷயர் ஆளுங்க மேல பழி போடாதீங்க

1980ல புயல்ல முழுகின டெர்பிஷயர்ங்கற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல பத்தின வீடியோவ இந்த வாரம் ஆளாளுக்கு எனக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டீங்க. மர்மக் கப்பல்னு மியூசிக் எல்லாம் போட்டு, கடைசில ஒரே வரில முடிச்சுட்டாங்க: கப்பல் முன்பக்கத்து ஸ்டோர் ரூமுக்கு இறங்கற வாசலோட (ஹேட்ச்) மூடிய, கப்பல் ஆளுங்க சரியா மூடல, அதான் முழுகிடுச்சாம். கீழ அம்புட்டு பேரும் "அலட்சியம்"னு கமெண்ட். பாத்ததுல இருந்து மனசே ஆறல.

அது தப்புங்க. 1998 ரிப்போர்ட்ல அப்படி எழுதினாங்க, உண்மைதான். ஆனா 2000ல நீதிபதி கோல்மன் மறுபடி விசாரிச்சு அத தள்ளிட்டாரு. முன்தளத்துல இருந்த வென்டிலேட்டர், ஏர் பைப் எல்லாம் அலைல பிஞ்சு, அது வழியா தண்ணி இறங்கி, முகப்பு அமுங்கி, அதுக்கப்புறம் ஒண்ணாம் நம்பர் ஹேட்ச் கவர், அதாவது முதல் சரக்கு அறையோட மூடி, அலையோட கனம் தாங்காம உடைஞ்சுது. விதிப்படி கட்டின கவர்தான், அந்த விதியே பத்தல. ஆளுங்க தப்பு இல்ல.

நான் கப்பல்ல மேட்டா (கேப்டனுக்குக் கீழ இருக்கற அதிகாரி) இருந்தப்ப எங்க போசன், அதாவது தளத்து ஆளுங்களோட தலைவர், தூத்துக்குடிக்காரர். வானிலை கெடப்போகுதுனு தெரிஞ்சா யாரும் சொல்லாமலே முன்னாடி போயிருவாரு. ஹேட்ச் மூடிய இறுக்கற ஒவ்வொரு பட்டர்ஃப்ளை நட்டையும் கையால திருகி, அப்புறம் இரும்புக் குழாய மாட்டி இன்னொரு திருகு. வென்டிலேட்டர் வாய்க்கு கேன்வாஸ் சுத்திக் கட்டுவாரு. எல்லாம் ஆச்சு சார்னு சொல்லிட்டு, இருட்டினப்புறம் டார்ச்ச எடுத்துட்டு திரும்ப ஒரு தடவ போவாரு. அந்த மூடி லூசா இருந்தா சாகப்போறது அவரும்தானே. அவங்கள போயி அலட்சியம்னு சொல்றீங்க.

"கப்பல்காரன் கப்பல்காரனுக்குத்தான பேசுவான்"னு சிலர் வருவீங்க. ஆமா, பேசுவேன். ஆளுங்க தப்பு பண்றதே இல்லையான்னா, பண்ணுவாங்க. ஆனா அத ஆதாரத்தோட சொல்லுங்க.

1980 செப்டம்பர்ல ஆர்க்கிட் புயல்ல போன கப்பல் அது. கனடால இருந்து ஜப்பானுக்கு 1,50,000 டன்னுக்கு மேல இரும்புத்தாது, கட்டி நாலே வருஷம், 44 பேர், அதுல ரெண்டு பேர் கூட வந்த மனைவிங்க. மேடேனு ஒரு ஆபத்து அழைப்பு கூட வரல. முறையான விசாரணைய பிரிட்டிஷ் அரசாங்கம் மொதல்ல வைக்கவே இல்ல. 1986ல அதே டிசைன்ல கட்டின கவ்லூன் பிரிட்ஜ் அயர்லாந்துப் பாறைல மோதி உடைஞ்சப்புறம்தான் வச்சாங்க, வச்சும் 1989ல இயற்கை சீற்றமா இருக்கலாம்னு மூடிட்டாங்க. 1994ல நாலு கிலோமீட்டர் ஆழத்துல கப்பல தேடிக் கண்டுபிடிச்சது தொழிற்சங்கத்துப் பணம். 20 வருஷம் விடாம போராடினது அந்தக் குடும்பங்க.

எங்க கப்பல்லயும் ஒருத்தருக்கு கயிறு இழுக்கற வின்ச் மெஷின்ல கை நசுங்குச்சு. பிரேக் தேஞ்சுபோச்சுனு நாங்க முன்னாடியே எழுதி அனுப்பியிருந்தோம், ஆபீஸ்ல யாரும் கண்டுக்கல. ரிப்போர்ட்ல வந்தது மட்டும் மனிதத் தவறு. அவராவது உயிரோட இருந்து சண்டை போட்டாரு. டெர்பிஷயர் ஆளுங்க எங்க வந்து சண்டை போடுவாங்க?

"பழைய கதை, இப்ப எதுக்கு"ன்னு கேக்காதீங்க. 2004ல இருந்து பல்க் கேரியர் (தாது, தானியம் மாதிரி சரக்க அப்படியே கொட்டி ஏத்தற கப்பல்) முகப்புல தண்ணி புகுந்தா பிரிட்ஜ்ல, அதாவது கப்பல ஓட்டற அறைல, அலாரம் அடிக்கணும்னு விதி வந்துச்சே, அது இந்த மாதிரி சாவுங்கள ஒழுங்கா விசாரிச்சதால வந்தது. ஆளுங்க தப்புனு முடிச்சிருந்தா, மூடிய நல்லா மூடுங்கனு ஒரு சர்க்குலரோட போயிருக்கும்.

வீடியோ போட்டவர் கோல்மன் ரிப்போர்ட்ட படிச்சு திருத்திப் போடட்டும். அதுவரைக்கும் அந்த லிங்க எனக்கு அனுப்பாதீங்க.