கும்பிட்டுச் சொன்ன "இல்லை"

நம் வீடுகளில் அரிசி தீர்ந்தால்கூட "இல்லை" என்று சொல்ல மாட்டோம், "நிறைஞ்சிருக்கு" என்போம். அப்படிப் பழகின வாய்க்கு, ஒருத்தர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு ரங்கூனில் பிறந்ததால் பர்மாக்காரர்களின் "ஆனாடே"யும் ஒட்டிக்கொண்டது. ஆ என்றால் வலு, நா என்றால் நோவு. அடுத்தவர் மனசு கோணுமே என்று நம் வலு நோவது. நம் பேச்சில் முகதாட்சண்யம். தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். தையல்காரி எனக்குத் துணி நாசமும்.

ததிஞ்சுட் பௌர்ணமியோடு 3 மாத புத்த விரத காலம் முடிந்ததும் பர்மியக் கல்யாணங்கள் தொடங்கிவிடும். அடுத்த 15 நாளில் தீபாவளி. போன வருஷம் அந்த நாட்களில் வந்தவர்களுக்கெல்லாம் "பார்க்கலாம்" என்றேன். சொன்ன எனக்கு அதன் அர்த்தம் முடியாது, கேட்டவர்களுக்கு முடியும்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் ஒரு பட்டு ரவிக்கையின் இரண்டு கைகளையுமே இடது கைக்கானதாக வெட்டிவிட்டேன். கரைத்துணி ஒரு விரல் அகலம்கூட மிச்சமில்லை. விடிந்ததும் அந்தப் பெண் வந்து நின்றாள். "முதல்லயே சொல்லியிருந்தா வேற கடைக்குப் போயிருப்பேனே அக்கா." திட்டியிருந்தால் தேவலை.

எதிர்வீட்டு அப்வாவை, அதாவது பர்மியப் பாட்டியைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் பிக்கு வாசலுக்கு வந்துவிட்டார், சோறு வேகவில்லை. அப்வா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து கும்பிட்டு, "கடோ சூன் பா பயா" என்றார். சூன் பிக்குவுக்கு இடும் சோறு. கடோ வணங்குவது, பொறுத்துக்கொள்ளக் கேட்பதும் அதே சொல்தான். பிக்கு அடுத்த வாசலுக்கு நடந்தார். அடுப்பு அணைந்த கதை, மருமகள் தாமதமாக எழுந்த கதை ஒன்றும் கிடையாது. நாமோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்போம் (அது தெருவில் பந்து விளையாடிக் காட்டிக்கொடுக்கும்). ஆகாததை அந்த நிமிஷமே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்பேன். காரணம் கேட்டால் சொல்லலாம், கேட்காதவரிடம் எதற்கு?

இந்த வருஷம் முதலில் வந்தவளிடம், "இந்தத் தீபாவளிக்கு ஆகாதும்மா, கோவிச்சுக்காத" என்று கும்பிட்டேன். டீ குடித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனாள். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்!

நேற்று சின்னம்மா 3 ரவிக்கைத் துணியோடு வந்தார். கும்பிடத்தான் கையைத் தூக்கினேன். "நீ தைச்சாத்தான்டி எனக்கு அளவு நிக்கும்" என்று அந்தக் கையிலேயே துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.