ஈட்டிக்கும் மாக்சிமுக்கும் நடந்த சண்டையாம்

இன்றைய ஜிம்பாப்வேயில் இன்டெபெலே மக்களுக்கும் வெள்ளையர் படைக்கும் நடந்த 1893 மாட்டபெலே போர் என்றாலே எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். இன்டெபெலே வீரர்கள் ஈட்டியோடு ஓடி வந்தார்கள், மாக்சிம் என்ற இயந்திரத் துப்பாக்கி சுட்டுத் தள்ளியது, அவ்வளவுதான். ஏதோ விவரம் தெரியாத கூட்டம் தானாகவே போய்ச் செத்தது மாதிரி! எனக்கு இதில் பெரிய எரிச்சல் உண்டு.

இன்டெபெலேக்களிடம் மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களும் இருந்தன. 1888 ரட் ஒப்பந்தத்தில் கனிம உரிமைக்குப் பதிலாக அவர்களுடைய அரசர் லோபெங்குலாவுக்கு 1,000 ரைபிள்கள், 1,00,000 தோட்டாக்கள், மாதம் 100 பவுண்டு என்று எழுதிக் கொடுத்ததே பிரிட்டிஷ் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் ஆட்கள்தான். தோண்டுவதற்குப் பத்து வெள்ளையருக்கு மேல் வர மாட்டார்கள் என்று வாயால் சொன்னது மட்டும் தாளில் ஏறவே இல்லை.

அக்டோபர் 25 அன்று ஷங்கானி ஆற்றருகே, விடிவதற்கு முன் இருட்டிலேயே இன்டெபெலே வீரர்கள் தாக்கினார்கள். வண்டிகளை வளைத்து நிறுத்தி நடுவில் இயந்திரத் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் வேறு எப்படித்தான் போவது? நவம்பர் 1, பெம்பெசியில் பட்டப்பகல். இம்பிசோ, இங்குபோ என்ற அரசரின் முன்னணிப் படைப்பிரிவுகள் திறந்த வெளியில் வந்து நொறுங்கின. மூன்று நாளில் வெள்ளையர் படை அரசரின் தலைநகர் புலவாயோவுக்குள் நுழைந்தபோது, அரசர் ஊரைக் கொளுத்திவிட்டு வடக்கே போயிருந்தார்.

சரி, அந்தப் படை யாருடையது? ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியுடையது. சேர்ந்தவனுக்குத் தலைக்கு 6,000 ஏக்கர், கூடவே தங்கச் சுரங்கத் துண்டுகள், பிடிபடும் மாடுகளில் பங்கு. அடுத்தவன் நிலத்தைப் பங்கு போட்டுவிட்டுத்தான் குதிரையே ஏறியிருக்கிறார்கள், இதைப் போர் என்று சொல்வதா, கொள்ளைக்கு ஆள் எடுத்தது என்று சொல்வதா?

அப்புறம், டிசம்பர் 4-இல் கம்பெனிப் படையின் மேஜர் ஆலன் வில்சனும் அவருடைய ஆட்கள் 33 பேரும் ஷங்கானிக்கு அப்பால் சுற்றிவளைக்கப்பட்டுச் செத்தார்கள். இன்றும் மட்டோபோ குன்றில், ரோட்ஸின் சமாதிக்குப் பக்கத்தில், "வீரர்களுக்கு" என்று பொறித்த பெரிய கருங்கல் நினைவுச்சின்னம் அவர்களுக்கு நிற்கிறது. வீரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்புதான், தோற்றுவிட்டேன், திரும்பிப் போங்கள் என்று லோபெங்குலா தங்கக் காசுகளோடு தூது அனுப்பியிருந்தார். வழியில் அதை வாங்கிய இரண்டு கம்பெனி ஆட்கள் காசை அமுக்கிக்கொண்டார்கள். தூது படைத் தலைவனிடம் போய்ச் சேரவே இல்லை.