புத்தர் குடும்பஸ்தங்களுக்கும்தான் சொல்லிட்டுப் போயிருக்காரு

ஞாயித்துக்கிழமை காரைக்குடி மண்டபத்துல என்ன நடந்துச்சுன்னு நம்ம நகரத்தார் ஆளுகளுக்கெல்லாம் தெரியும், வீடியோவும் குரூப் குரூப்பா சுத்திக்கிட்டு இருக்கு. வயசு நிறைஞ்சதுக்குச் செய்யிற சாந்திக் கல்யாணத்துல வாழ்த்துப் பேசச் சொன்னாக, இல்லறத்துல இருக்கவங்களுக்கு புத்தர் சொன்ன நாலு சந்தோஷத்தைப் பத்திப் பேசுனேன். முடிக்கல, அதுக்குள்ள மைக்கை வாங்கி "பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடுனவர்கிட்டயா ஆச்சி குடும்ப சந்தோஷத்தைக் கத்துக்கணும், பந்தி ஆறுது"ன்னுட்டாரு ஒருத்தர். மண்டபமே சிரிச்சுச்சு.

அன்னைக்கு சொல்ல விடாததை இங்க சொல்றேன். புத்தர் சாமியாருகளுக்கு மட்டும் பேசல. சாவத்திங்கிற ஊருல அனாதபிண்டிகர்னு பெரிய வியாபாரி இருந்தாரு, அவர்கிட்ட சொன்னதுதான் இது. நியாயமா உழைச்சு சம்பாதிச்ச பொருள் கையில இருக்கிற சந்தோஷம். அதை அனுபவிச்சு தானதர்மமும் செய்யிற சந்தோஷம். ஒருத்தருக்கும் கடன்படாத சந்தோஷம். உடம்பால, வாயால, மனசால ஒரு பழிபாவம் இல்லாம இருக்கிற சந்தோஷம். முதல் மூணும் இந்த நாலாவதுல 16ல ஒரு பங்குக்குக் கூட காணாதுன்னாரு. வட்டியும் வாசியும் பார்த்த நம்ம வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமா யாரு சொல்லிருக்கா?

கடன் இல்லாத சந்தோஷம்னா என்னன்னு எனக்குத் தெரியும். எங்க அப்பச்சி, அதான் அப்பா, யாவாரத்துல நொடிச்சுப் போயி புரோநோட்டு எழுதிக் குடுத்திருந்தாக. கடன்காரவுக ஆளு சைக்கிள்ல வந்து முகப்புல உக்காந்துக்குவாரு, வெயில் சாயிற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. ஆத்தா உள்ள இருந்துக்கிட்டு, அப்பச்சி ஊருல இல்லைன்னு போய்ச் சொல்லுன்னு அண்ணனையும் என்னையும் தள்ளிவிடுவாக. அப்பச்சி உள்முற்றத்து வளவுல தேக்குத்தூணுக்குப் பின்னாடி மூச்சு விடாம நிப்பாக, அவுக வேட்டி முனை மட்டும் வெளிய தெரியும், அதை அவரு பார்த்துருவாரோன்னு எனக்கு வயித்தைக் கலக்கும். பொய் சொல்லக்கூடாதுங்கிறது புத்தர் சொன்ன அஞ்சு ஒழுக்கமான பஞ்சசீலத்துல நாலாவது, அந்தக் கடன் புள்ளைகளையே பொய் சொல்ல வச்சுச்சு. ஊருக்கு வெளிய இருந்த வயலை வித்து எல்லாத்தையும் அடைச்சு நோட்டைக் கிழிச்சு வாங்குன அன்னைக்கு, அப்பச்சி பட்டப்பகல்ல முகப்புத் திண்ணையில காலை நீட்டிப் படுத்துத் தூங்குனாக, தெருவே பார்க்க. அதுக்குப் பேரு சந்தோஷம் இல்லையா?

ஓடிப்போனாருன்னு சொல்றீகளே, போனாருதான். அவர் பொண்டாட்டி யசோதரைக்கு வலிச்சிருக்கும், நானும் ஒரு பொம்பளை, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கதை அதோட முடியல. மகன் ராகுலனை பிக்குகளோட சங்கத்துல சேத்ததும் புத்தரோட அப்பா சுத்தோதனர் வந்து, புள்ளையப் பிரியிறது எலும்பு வரைக்கும் அறுக்குதுய்யா, இனிமே பெத்தவங்க சம்மதம் இல்லாம யாரையும் சேக்காதீகன்னு கேட்டாரு, புத்தர் அதை விதியாவே ஆக்கிட்டாரு. இதை எந்த மைக்ல சொல்லிருக்கீக?

சிகாலன்னு ஒரு பையனுக்கு புருஷன் கடமை அஞ்சு சொன்னாரு. பொண்டாட்டிய மரியாதையா நடத்தணும், இளக்காரமாப் பேசக்கூடாது, துரோகம் பண்ணக்கூடாது, வீட்டு அதிகாரத்தை அவ கையில குடுக்கணும், நகைநட்டு வாங்கிக் குடுக்கணும். ஆமா, நகைதான். இது ஓடிப்போகச் சொல்ற பேச்சா? அதே இடத்துல குடியால வர்ற ஆறு கேட்டையும் சொல்லிருக்காரு: காசு போகும், சண்டை வரும், சீக்கு வரும், பேர் கெடும், மானம் போகும், புத்தி மழுங்கும். மண்டபத்துக்குப் பின்னால காருக்குள்ள அன்னைக்கு இந்த ஆறுல நாலு நடந்துச்சு. அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரல, நான் பேசுனதுக்குத்தான் வந்துச்சு.

மதம் மாறிட்டியான்னு இன்பாக்ஸ்ல கேக்குறாக. நகரக்கோயிலுக்குக் குடும்பக் கணக்குல குடுக்குற புள்ளிவரி கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம், பிள்ளையார்பட்டிக்கும் போயிட்டுத்தான் இருக்கேன். நம்ம முன்னோர்க காவிரிப்பூம்பட்டினத்துல இருந்து வந்தவுகன்னு பெருமையாச் சொல்லிக்கிறோமே, புத்தர் வழியில போன மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசிச்சவங்களுக்குச் சோறு போட்டது அதே ஊருலதான். எங்க ஐயா, அதான் தாத்தா, கடல் தாண்டித் தொழில் பண்ண, கொண்டுவிக்கப் போனது பர்மாவுக்கு. அங்க பௌர்ணமிக்குப் பௌர்ணமி சனங்க ஒழுக்கமா இருக்கிறோம்னு சீலம் எடுக்கிறதைப் பார்த்துட்டு வந்து சொல்லிச் சொல்லித்தான் எங்க வீட்டுல புத்தர் பேரே வந்துச்சு. வள்ளுவர் சொல்லாததையா புத்தர் சொல்லிட்டாருன்னு கேட்டா, ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா நல்லதுதானே, இதுல என்ன சண்டை.

பொழைக்கத் தெரியாதவுக பேசுற பேச்சு இதுன்னு ஒரு மாப்பிள்ளை கமெண்ட் போட்டிருக்காரு. வர்ற காசை நாலாப் பிரிச்சு ஒரு பங்கைச் செலவு பண்ணு, ரெண்டு பங்கைத் தொழில்ல போடு, ஒரு பங்கை ஆபத்துக்கு ஒதுக்கி வையின்னு சொன்ன ஆளு புத்தரு. மேடை அலங்காரத்துக்கும் டிரோன் கேமராவுக்கும் நகையை அடகு வைக்கிற நாமளா பொழைக்கத் தெரிஞ்சவுக?

மைக் பிடிச்சவர் மேல கூட எனக்குப் பெருசா கோவம் இல்ல, அவர் வெளியாள். அண்ணே, வீடியோல ரெண்டாவது வரிசையில நீங்களும் சிரிக்கிறீக. அப்பச்சி தூண் மறைவுல நின்னதை என்னோட சேர்ந்து பார்த்தவுக நீங்க. பதிவை எடுத்துருன்னு உங்க வீட்டுக்காரவுக, அண்ணமிண்டி, காலையில இருந்து போன் பண்றாக. எடுக்க மாட்டேன். நீங்க பேசுங்க, பேசுவோம்.