'மங்கீஸ்' 18 ஆண்டுகள் காணாமல் போனதா?

"மங்கீஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1968-ல் நின்றது, 1986-ல் எம்.டி.வி. இசைச் சேனல் தூசி தட்டி எடுக்கும்வரை யாருமே பார்க்கவில்லை" என்று ஒரு தகவல் சுற்றிவருகிறது. இதில் முதல் பாதி சரி, மறுபாதி தவறு.

நான்கு இளைஞர்களின் ராக் இசைக்குழுவை வைத்து எடுத்த இந்த நகைச்சுவைத் தொடரை என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் 1966 செப்டம்பர் 12-ல் தொடங்கி, 1968 மார்ச் வரை புது எபிசோடுகளாகத் தந்தது. மொத்தம் 58. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சி) விருதும் 1967-ல் கிடைத்தது.

அப்புறம் நடந்ததைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1969-லேயே சி.பி.எஸ். என்ற மற்றொரு நிறுவனம் இதைச் சனிக்கிழமை காலை நேரத்தில் மறுஒளிபரப்பத் தொடங்கி, 1972 வரை தொடர்ந்தது. சில எபிசோடுகளில் பழைய பாடல்களை எடுத்துவிட்டு, குழுவின் புதிய பாடல்களைக்கூடச் சேர்த்தார்கள். பிறகு ஏ.பி.சி. நிறுவனம் ஓராண்டு ஒளிபரப்பியது. எழுபதுகளின் நடுவிலிருந்து உள்ளூர் நிலையங்களும் போட்டன. கார்ட்டூன்களுக்கு நடுவே இந்தக் குழுவைச் சந்தித்து வளர்ந்த ஒரு தலைமுறையையே அழித்துவிடுகிறது அந்தத் தகவல்.

1986 பிப்ரவரியில் எம்.டி.வி. நாள்முழுக்கத் தொடர்ந்து ஒளிபரப்பியது பெரிய அலையைக் கிளப்பியது உண்மைதான். ஆனால் அது மறந்துபோன தொடரை மீட்ட கதையல்ல.