இந்த 'ரன்' எங்கேதான் ஓடாது?

நேற்று இரவு மகளுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். 'ஹெர் நோஸ் இஸ் ரன்னிங்' என்று ஒரு வாக்கியம். "மூக்கு எப்படிப்பா ஓடும்?" என்றாள். சரி, ஒழுகும் என்றேன். அடுத்த வரியில் மாமா கடையை 'ரன்' பண்ணுகிறார். அதற்கடுத்த வரியில் வீட்டில் பால் 'ரன் அவுட்'. கிரிக்கெட் பார்க்கிற பிள்ளை, பால் எப்படி அவுட் ஆகும் என்று கேட்காமல் என்ன செய்யும்?

ஒரு சொல்லுக்கு எத்தனை வேலைதான் கொடுப்பார்கள்! காய்ச்சல் அடித்தாலும் ரன். துவைத்த துணியில் சாயம் போனாலும் ரன். அமெரிக்காவில் தேர்தலில் நின்றால் ரன், பிரிட்டனில் நின்றால் 'ஸ்டாண்ட்'. அங்கே ஓடுகிறார்கள், இங்கே நிற்கிறார்கள், இரண்டும் ஒரே காரியம்! பின்னால் ஒட்டும் குட்டிச் சொல் மாறினால் இன்னும் மோசம். 'ரன் இன்டு' என்றால் தற்செயலாகச் சந்திப்பது, 'ரன் ஓவர்' என்றால் வண்டியை ஏற்றிவிடுவது. நண்பரைப் பார்த்தேனா, நசுக்கினேனா?

ஆக்ஸ்போர்டு அகராதியில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இவற்றைப் பிரித்து எழுதவே 9 மாதம் பிடித்தது. அவருக்கே 9 மாதம்!

தமிழிலும் படம் ஓடும், கடிகாரம் ஓடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூக்கு ஒழுகும், சாயம் போகும், பால் தீரும் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோமே! பத்து வயதுப் பிள்ளை எத்தனையைத்தான் மனப்பாடம் செய்யும்? திங்கட்கிழமை பரீட்சை வேறு.