அப்பாக்களுக்குத் தனியாக ஒரு பந்தயம் வையுங்கள்

போன சனிக்கிழமை மகளின் கப் ஸ்கவுட் குழுவில், அதாவது சின்னப் பிள்ளைகளுக்கான சாரணர் குழுவில், பைன்வுட் டெர்பி என்னும் பொம்மைக் கார் பந்தயம். அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு அங்குல நீளத்தில் ஒரு பைன் கட்டை, நாலு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நாலு ஆணி, இவ்வளவையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து அதைக் காராக்க வேண்டும். எடை ஐந்து அவுன்ஸைத் தாண்டக் கூடாது, நம் கணக்கில் சுமார் 142 கிராம். என்ஜின் எதுவும் கிடையாது. சாய்வான தடத்தின் உச்சியிலிருந்து விட்டால் தானாக உருண்டு வரும். எங்கள் குழுவின் தடம் 42 அடி. மூன்று விநாடி சொச்சத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

அந்த மூன்று விநாடிக்காகப் போன வருஷம் ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில், சக்கரம் உராயாமல் சுழலப் போடும் கிராஃபைட் பொடி.

என் வீட்டுக்காரர் மென்பொருள்காரர். கையில் ரம்பம் பிடித்தே பார்த்திராதவர், ராத்திரி பதினொரு மணிக்கு கராஜில் உட்கார்ந்து ஆணிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். எடையைப் பின்பக்கம் வைத்தால்தான் வேகமாம். தடத்தின் உச்சியில் வண்டி சாய்ந்து நிற்கும்போது பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கும், அந்த எடை கீழே இறங்கும் தூரம் அதிகம் என்று எனக்கு வகுப்பு எடுத்தார். ஈயம் பிள்ளைகள் கையில் படக் கூடாது என்று டங்ஸ்டன் வாங்கினார். ஈயத்தைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தியாம், சின்ன இடத்திலேயே அடங்கிவிடும் என்றார். எல்லாம் உண்மைதான். வண்டி இரண்டாம் இடம் வந்தது. பரிசு கொடுத்த பெரியவர் குனிந்து, "இதை எப்படிம்மா செஞ்சே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகள் கொஞ்சமும் யோசிக்காமல், "அப்பா செஞ்சாரு, நான் ஸ்டிக்கர் ஒட்டினேன்" என்றாள்.

சுற்றி நின்ற அப்பாக்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இந்தப் பந்தயத்தை 1953இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் தொடங்கியவர் டான் மர்ஃபி. பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் சேர அவருடைய மகனுக்கு வயது போதவில்லை. சரி, உட்கார முடியாத அளவுக்குச் சின்ன வண்டியாகவே செய்வோம் என்று யோசித்தார். அப்பாவும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து கைவேலை செய்யட்டும் என்பதும் அவர் எண்ணம். அன்றைக்கு அதில் அம்மாவும் இல்லை, மகளும் இல்லை. கப் ஸ்கவுட்டில் பெண் பிள்ளைகளைச் சேர்த்ததே 2018இல்தான். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் ரம்பம் இன்னும் அப்பா கையில்தான்.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. திருநெல்வேலியில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் காற்றாலை வைத்தேன். முழுக்க எங்கள் அப்பா செய்தது. பக்கத்தில் நின்று மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன், முதல் பரிசு. அந்த மோட்டாருக்கு வயர் எப்படிக் கொடுத்திருந்தார் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

எட்டு வயதுப் பிள்ளையிடம் ரம்பத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டையை யாராவது பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் சொல்வது, பிடித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள் என்று. இன்னொன்று, எல்லார் வீட்டிலும் கராஜும் டிரில்லும் இருப்பதில்லை. எங்கள் குழுவில் இரண்டு வேலை பார்த்துக்கொண்டு தனியாகப் பையனை வளர்க்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவர் பையனின் கட்டைக்கும் என் வீட்டுக்காரரின் டங்ஸ்டனுக்கும் என்ன போட்டி? சில குழுக்களில் ஒரு சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் சேர்த்து, அங்கேயே அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவைக்கிறார்கள். அதை எல்லாக் குழுவிலும் கட்டாயமாக்கலாம். பெரியவர்களுக்குத் தனியாகப் பந்தயம் வைக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அதையும் கட்டாயமாக்குங்கள். அப்பாக்களின் ஆசையும் ஆசைதானே, அதைத் தீர்த்துக்கொள்ள இடம் இல்லாததால்தான் பிள்ளையின் கட்டையில் கை வைக்கிறார்கள்.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு டப்பா வாங்கினோம். அவருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. மகளின் கட்டையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு.

கோடை விடுமுறைக்குச் சென்னை போய்வந்ததிலிருந்து அவளுக்கு ஆட்டோ பைத்தியம். ஆட்டோதான் செய்வேன் என்றாள். ஐஸ்கிரீம் குச்சியில் கூரை, மேலே கறுப்பு டேப், உடம்பெல்லாம் மஞ்சள் பெயின்ட். காற்றுத் தடை என்று முனகிய வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தேன், கராஜுக்குப் போய்விட்டார். ஆணி அடிக்கும்போது முன்சக்கரம் ஒன்று கொஞ்சம் தூக்கலாக நின்று தரையில் படவில்லை. திரும்ப அடிக்கலாம் என்றேன். "ஆட்டோவுக்கு மூணு வீல்தானேம்மா" என்றாள். கராஜிலிருந்து எட்டிப் பார்த்தவர் திகைத்துப் போனார். ஒரு முன்சக்கரத்தை மயிரிழை தூக்கி வைத்தால் உராய்வு குறையும் என்பது தெரிந்தவர்கள் செய்கிற வித்தையாம். அவர் மூன்று ராத்திரியாக அதற்குத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பந்தயத்தன்று எடை பார்த்தால் 5.1 அவுன்ஸ். எதைக் குறைப்பது? மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த லெகோ பொம்மையைப் பிய்த்தெடுத்தாள். சரியாக ஐந்து. டிரைவர் இல்லாமலே ஆட்டோ கிளம்பியது. இருபத்து மூன்றில் பதினோராவது இடம். பெரியவர்கள் பந்தயத்தில் வீட்டுக்காரர் நாலாவது, இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஆட்டோவின் முதுகில் மகள் ஒன்று எழுதியிருந்தாள். சென்னையில் எடுத்த போட்டோவைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தது. ஒன்றே முக்கால் அங்குல அகலத்தில் 'பிரசவத்' வரைக்கும்தான் இடம் இருந்தது, 'திற்கு இலவசம்' பக்கவாட்டுக்குத் திரும்பிவிட்டது. பக்கத்தில் நின்ற ஓர் அப்பா அது என்ன மொழி, என்ன அர்த்தம் என்று கேட்டார். டெலிவரிக்கு இலவசம் என்று ஆங்கிலத்தில் மகள் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, அவர்கள் கடையில் பீட்சா எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார்.