ஊர்க்கதைகளையும் சேருங்கள்
தென்னாப்பிரிக்க வரலாறு, அரசியல் பற்றி நீங்கள் பரிந்துரைத்த புத்தகங்களில் காந்தியும் மண்டேலாவும் நிறைய இருக்கிறார்கள், சரி. ஊரைப் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லையே!

இங்கே டர்பனில் மேகசின் பேரக்ஸ் என்ற மாநகராட்சிக் குடியிருப்பில் தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1960களில் அவர்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் பகுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தத் தெருக்களை யாராவது சொல்ல வேண்டாமா?

அப்புறம், இந்தியாவிலிருந்து இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் ஏற்றிவந்த கப்பல்களின் பதிவேடுகள். என் கொள்ளுத் தாத்தாவின் பதிவு நகல் வீட்டில் இருக்கிறது: எண், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், கடைசியில் அங்க அடையாளம், இடது புருவத்தில் தழும்பு. அவர் முகத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அந்தத் தழும்பு மட்டும்தான். இந்தப் பதிவேடுகளை வைத்து எழுதிய நூல்களையும் அடுத்த முறை சொல்லுங்கள்.